பழைய வி-கிராஸ் ஃபோர் பை ஃபோர் வாங்கியாச்சு, கேம்பிங்குக்கு மாற்ற எங்கிருந்து ஆரம்பிப்பது?

கொங்கு பிக்கப்:

வணக்கம். ரொம்ப நாளாக ஓரமாக நின்று வாசித்துக்கொண்டிருந்தவன், முதல் தடவையாகக் கேள்வி கேட்கிறேன். போன மாதம் 2017 மாடல் இசுசு வி-கிராஸ் (நாலு சக்கரமும் இழுக்கும் பிக்கப்) ஒன்றை வாங்கினேன். 2.5 லிட்டர் டீசல், மேனுவல் கியர், ஓட்டம் 1,18,000. நான் மூன்றாவது ஓனர். முதல் ஓனர் எஸ்டேட்காரர், இரண்டாமவர் ஊருக்குள் மட்டும் ஓட்டினேன் என்று சொல்கிறார், அது எவ்வளவு உண்மை என்று வண்டிக்குத்தான் தெரியும்.

நான், மனைவி, இரண்டு பிள்ளைகள் (9, 6 வயது). மாதம் ஒரு தடவை மலைப்பக்கம் போய் ஒரு ராத்திரி தங்க வேண்டும், வருடத்தில் ஒரு பெரிய பயணம், அடுத்த ஜூன் மாதம் இமாச்சலத்தில் இருக்கும் ஸ்பிட்டி. யூடியூபில் பார்த்துப் பார்த்து ஒரு லிஸ்ட் போட்டு வைத்திருக்கிறேன்: மூன்று இன்ச் லிஃப்ட் (வண்டியை உயர்த்துவது), மட் டயர் (சேற்று டயர்), முன்னால் இரும்பு பம்பர், வின்ச் (மாட்டிக்கொண்ட வண்டியை இழுக்கும் மோட்டார்), ஸ்நார்க்கல் (தண்ணீரில் இறங்கும்போது இன்ஜினுக்கு உயரத்திலிருந்து காற்று எடுக்கும் குழாய்), கூரை மேல் கூடாரம், ஃப்ரிட்ஜ், எல்இடி பார். கையில் இருப்பது இரண்டரை லட்சம். எல்லாம் ஒரே நேரத்தில் முடியாது என்று தெரியும். எதை முதலில் செய்வது, எதை அடுத்த போனஸுக்குத் தள்ளுவது? சொந்தமாகச் செய்து பார்த்தவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.

சேலம் ஸ்பானர்:

தம்பி, வாழ்த்துகள். நல்ல வண்டி. அந்த லிஸ்ட்டை மடித்து டேஷ்போர்டுக்குள் போட்டுவிட்டு, முதலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வண்டியை ராம்ப் மேல் ஏற்றிக் கீழே படுத்துப் பாருங்கள். எஸ்டேட்டில் ஓடிய வண்டி என்றால் பின்னால் என்ன ஏற்றினார்கள் என்பதை லீஃப் ஸ்பிரிங் (பின் பட்டை) சொல்லிவிடும். பட்டைகள் நேராகத் தொங்கிவிட்டதா, எதிலாவது மயிரிழை விரிசல் இருக்கிறதா, யூ போல்ட் பக்கத்தில் துரு வெடித்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். முன்பக்கம் இரண்டு ஆக்சிலிலும் ரப்பர் பூட் கிழிந்து கிரீஸ் தெறித்திருக்கிறதா பாருங்கள். சேஸில் புதிதாகக் கருப்புப் பெயின்ட் அடித்திருந்தால் சந்தோஷப்படாதீர்கள், ஸ்க்ரூ டிரைவர் பிடியால் தட்டிப் பாருங்கள், சத்தம் மொத்தையாக வந்தால் உள்ளே துரு இருக்கிறது.

அப்புறம் எண்ணெய். இன்ஜின் ஆயில் எல்லோரும் மாற்றுவார்கள். முன் டிஃபரன்ஷியல், பின் டிஃபரன்ஷியல் (இடது வலது சக்கரங்களுக்கு விசையைப் பிரிக்கும் கியர்), ட்ரான்ஸ்ஃபர் கேஸ் (முன்னுக்கும் பின்னுக்கும் விசையைப் பிரிக்கும் பெட்டி), இந்த மூன்றையும் இரண்டு ஓனரும் தொட்டிருக்க மாட்டார்கள் என்று நான் பந்தயம் கட்டுகிறேன். வடித்துப் பார்க்கும்போது எண்ணெய் பால் ஊற்றிய டீ மாதிரி வந்தால் தண்ணீர் போயிருக்கிறது என்று அர்த்தம். ஓடிச் சூடான ஆக்சிலைக் குளிர்ந்த ஓடையில் இறக்கினால் உள்ளே இருக்கும் காற்று சட்டென்று சுருங்கும், மூச்சு விடும் சின்னக் குழாய் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிவிடும். அந்த பிரீதர் குழாயை நீட்டி இன்ஜின் அறையில் உயரமான இடத்தில் கட்டிவிட்டால் போதும். சில நூறு ரூபாய் ஓஸ் வேலை. ஸ்நார்க்கலுக்கு முன்னால் இதைச் செய்யுங்கள்.

ஃபோர் வீல் வேலை செய்கிறதா என்று மண் தரையில் பாருங்கள், தார் ரோட்டில் வேண்டாம். இது பார்ட் டைம் சிஸ்டம். முன்னும் பின்னும் ஒரே வேகத்தில் சுற்றும்படி பூட்டிக்கொள்ளும், காய்ந்த தாரில் வளைவு எடுத்தால் சக்கரம் வழுக்க இடமில்லாமல் கியர்தான் முறுக்கு வாங்கும். ஃபோர் லோ (நாலு சக்கரமும் மெதுவாக, அதிக இழுவிசையோடு) போட வண்டியை நிறுத்தி நியூட்ரலில் வைத்து அந்த வட்டக் குமிழைத் திருப்புங்கள். விளக்கு சிமிட்டிக்கொண்டே இருந்து நிலைக்காவிட்டால், வருடக்கணக்கில் அதை யாரும் தொடவில்லை என்று அர்த்தம். மாதம் ஒரு தடவையாவது போட்டு எடுங்கள்.

இதற்கெல்லாம், புஷ், பிரேக் பேட், கூலன்ட், பெல்ட், ஓஸ் எல்லாம் சேர்த்து ஒரு ஐம்பது அறுபதாயிரம் ஒதுக்கி வையுங்கள். ஃபோட்டோவில் தெரியாத செலவு, அதனால் யாரும் செய்வதில்லை. பிறகு பத்ரி மலை ஏற்றத்தில் நின்றுகொண்டு எனக்கு போன் அடிப்பார்கள்.

கூடாரக்காரி:

அண்ணா சொன்னது அத்தனையும் சரி, நான் அடுத்த படியிலிருந்து சொல்கிறேன். நானும் கணவரும் இதே வண்டியில் ஆறு வருடமாகச் சுற்றுகிறோம். உங்கள் லிஸ்ட்டில் இருப்பதில் முக்கால்வாசி நாங்கள் மாட்டினோம், அதில் பாதியைக் கழற்றி விற்றோம். அதனால் இதைக் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

எங்கள் முதல் பெரிய பயணத்துக்கு முந்தின நாள், டீசல் போடப் போன இடத்தில் பக்கத்திலேயே லாரி எடை மேடை இருந்தது. சும்மா விளையாட்டுக்கு ஏற்றிப் பார்ப்போம் என்று ஏற்றினோம். அந்த ரசீது இன்னும் என்னிடம் இருக்கிறது. கம்பெனி சொன்ன மொத்த எடையைவிட 140 கிலோ கூட. நாங்கள் இரண்டே பேர்! இரும்பு பம்பர், வின்ச், கூரைக் கூடாரம், பின்னால் தேக்கு மரத்தில் ஆசாரி செய்து கொடுத்த இழுப்பறை (அழகு என்றால் அவ்வளவு அழகு, தனியாகவே 90 கிலோ), நாற்பது லிட்டர் தண்ணீர், கேஸ், பாத்திரம். ஒவ்வொன்றாக வாங்கும்போது இதில் என்ன பெரிய எடை என்றுதான் தோன்றும். வண்டி இறக்கத்தில் பிரேக்குக்கு நிற்காமல் தள்ளிக்கொண்டு போனபோதுதான் புத்தி வந்தது.

ஆகவே உங்களுக்கு நான் சொல்லும் முதல் வேலைக்கு நூறு இருநூறு ரூபாய்க்கு மேல் ஆகாது. நான்கு பேரும் ஏறி உட்கார்ந்து, டேங்க் நிரப்பி, எடை மேடைக்குப் போங்கள். அந்த எண்ணை மேனுவலில் இருக்கும் மொத்த எடையிலிருந்து கழியுங்கள். மிச்சம் எவ்வளவோ அதுதான் உங்கள் உண்மையான பட்ஜெட், இரண்டரை லட்சம் இல்லை.

கூரைக் கூடாரம் பற்றி: 50 முதல் 70 கிலோ வரை வண்டியின் உச்சந்தலையில். ராக் (கூடாரத்தைத் தாங்கும் கூரைச் சட்டம்) வாங்கும்போது ஓடும் வண்டியில் எவ்வளவு தாங்கும் என்ற எண்ணைக் கேளுங்கள், நிற்கும்போது தாங்கும் எண்ணைக் காட்டி விற்பார்கள். கொல்லிமலை 70 கொண்டை ஊசி வளைவில் அந்த எடையோடு ஏறிப் பாருங்கள், பின்னால் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் வாந்தி எடுப்பார்கள். ஆறு வயதுக் குழந்தை ராத்திரி இரண்டு மணிக்கு ஒன்றுக்குப் போக வேண்டும் என்றால் இருட்டில் ஏணியில் இறக்குவது யார் என்பதையும் இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் அதை விற்றுவிட்டு, பின்பக்கம் கேனோப்பி (சரக்குப் பெட்டிக்கு மேல் கூரை மூடி) போட்டு உள்ளே பிளைவுட் பலகையில் மெத்தை போட்டுக்கொண்டோம். நீங்கள் நான்கு பேர் என்பதால் தரைக் கூடாரம் ஒன்று, கேனோப்பிக்குள் இருவர் என்று பிரித்துக்கொள்ளலாம். ஒன்று மட்டும், கேனோப்பியை மூடிக்கொண்டு உள்ளே அடுப்பு பற்ற வைக்காதீர்கள், கரிக் கங்கு வைத்துக் குளிர் காயாதீர்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை எதுவும் கிடையாது, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும்.

டயர். உங்கள் வண்டியில் 245/70 ஆர்16 இருக்கும். 265/70 போட்டால் விட்டம் 28 மில்லிமீட்டர் கூடும், தரையிலிருந்து உயரம் கூடுவது அதில் பாதி, 14 மில்லிமீட்டர். ஸ்பீடோமீட்டர் நூறு காட்டும்போது நீங்கள் கிட்டத்தட்ட 104-ல் போவீர்கள். இந்தப் பதினாலு மில்லிமீட்டருக்காக மைலேஜும் பிக்கப்பும் போகும். நான் அதே சைஸிலேயே ஆல் டெரைன் (தாருக்கும் மண்ணுக்கும் பொதுவான டயர்) போட்டிருக்கிறேன். கோயம்புத்தூரிலிருந்து ஸ்பிட்டிக்கு ஒரு வழி 3000 கிலோமீட்டருக்கு மேல், அதில் மண்ணும் கல்லும் சில நூறு கிலோமீட்டர்தான். மட் டயர் போட்டால் நாக்பூர் தாண்டுவதற்குள் காதுக்குள் வண்டு புகுந்த மாதிரி இருக்கும்.

டயரைவிட முக்கியம் அதற்குள் இருக்கும் காற்று. ஒரு நல்ல கம்ப்ரஸரும் பிரஷர் கேஜும் வாங்குங்கள். ராமேஸ்வரம் பக்கம் ஒரு தனியார் தென்னந்தோப்பு மணலில் எங்கள் வண்டி ஆக்சில் வரை இறங்கிவிட்டது. தோண்டினோம், சாக்கு போட்டோம், ஃபோர் லோ போட்டோம், இன்னும் ஆழமாகத்தான் போனது. தோப்புக்காரப் பெரியவர் ஒருவர் வந்து வெற்றிலையை மென்றுகொண்டே பார்த்துவிட்டு, "காத்த எறக்கும்மா" என்றார், அவ்வளவுதான். 35-லிருந்து 18 பிஎஸ்ஐ வரை இறக்கினோம். டயர் தரையில் நீளமாகப் படிந்து பாதம் மாதிரி ஆனது. இரண்டாவது கியரில் ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் மெதுவாக விட்டேன், எருமை எழுந்திருப்பது போல வண்டி எழுந்து வந்துவிட்டது. தனுஷ்கோடிக்கு அரிச்சல்முனை வரை 2017-ல் தார் ரோடு போடும் முன், மணலில் ஆட்களை ஏற்றிப்போன வேன்களில் அவரும் ஒரு டிரைவராம். கல் பாதைக்கு 24, 25 வைத்துக்கொள்கிறேன். தார் ரோட்டுக்கு ஏறியதும் மறக்காமல் நிரப்பிவிட வேண்டும், குறைந்த காற்றில் வேகமாகப் போனால் டயர் சூடேறி வெடிக்கும்.

லிஃப்ட் மூன்று இன்ச் வேண்டாம். முன்னால் தனித்தனி சஸ்பென்ஷன், உயர்த்த உயர்த்த ஆக்சில் கோணம் கூடி பூட் கிழியும், அலைன்மென்ட் நிற்காது. உங்கள் எடை தெரிந்த பிறகு, அந்த எடைக்குத் தகுந்த பின் பட்டையும் நல்ல ஷாக் அப்சார்பரும் போடுங்கள். அதிலேயே ஒரு இன்ச்சுக்கு மேல் தானாக உயரும்.

ஆர்சி புக்:

ஒருவரும் சட்டம் பேசவில்லையே. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுப்படி கம்பெனி கொடுத்த அடிப்படை விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. கேரள வழக்கு ஒன்றில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதம் என்று கணக்கு, ஆறு மாதச் சிறைக்கும் இடம் இருக்கிறது. முன்பக்க இரும்பு பம்பர், புல் பார் வகையறா மீது 2017 டிசம்பரிலேயே மத்திய போக்குவரத்து அமைச்சகம் மாநிலங்களுக்கு நடவடிக்கை எடுக்கச் சொல்லிவிட்டது. செக்போஸ்ட்டில் முதலில் கண்ணில் படுவது அதுதான். நடந்து போகிறவரை இடித்தால் அவர் எலும்பு முறியும், அது தவிர விபத்தின் விசை சேஸுக்குப் போகும் விதமே மாறிவிடும், ஏர்பேக் விரிய வேண்டிய நேரத்தில் விரியும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது.

போலீஸைக்கூடச் சமாளிக்கலாம், இன்ஷூரன்ஸ் சர்வேயரைச் சமாளிக்க முடியாது. நண்பர் ஒருவருக்கு லிஃப்ட் செய்த வண்டி கவிழ்ந்து, கிளெய்ம் நிராகரிப்புக் கடிதம் ஒரே பக்கத்தில் வந்தது. போல்ட் கழற்றினால் வந்துவிடும் சாமான்கள், பின்னால் வைக்கும் பெட்டி, தரைக் கூடாரம், இவற்றோடு நிறுத்திக்கொண்டால் தலைவலி குறைவு. எது போட்டாலும் பாலிசிக்காரருக்கு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். ஆர்சி-யில் சொந்த உபயோகம் என்று இருக்கிறதா, கடன் பதிவு நீக்கப்பட்டிருக்கிறதா என்பதையும் இன்றைக்கே பாருங்கள்.

ரெட் டஸ்ட்:

எல்லோரும் சேர்ந்து அவரைப் பயமுறுத்தி, கடைசியில் ஒரு பாயும் மண்ணெண்ணெய் ஸ்டவ்வும் போதும் என்று அனுப்பிவிடுவீர்கள் போலிருக்கிறது. நான் இரண்டு இன்ச் லிஃப்ட், வின்ச், ஸ்நார்க்கல் எல்லாம் போட்டு நான்கு வருடமாக ஓட்டுகிறேன், ஒரு பிரச்சினையும் இல்லை. தனியாகப் போகிறவனுக்கு வின்ச்தான் தோழன்.

கூடாரக்காரி:

தனியாகப் போகிறவருக்கு, ஆமாம். எங்கள் வின்ச்சை நாலு வருடத்தில் இரண்டு தடவை இழுத்தோம், இரண்டும் ஊரான் வண்டிக்கு. குடும்பத்தோடு போகும் இவருக்கு நல்ல மண்வெட்டி, இழுவைக் கயிறு, கம்பெனி கொடுத்த கொக்கி எங்கே இருக்கிறது என்ற ஞானம், இவை போதும் என்பது என் கட்சி. வண்டியை லாரியில் ஏற்றிக் கட்டுவதற்கான வளையத்திலோ டிரெய்லர் பந்திலோ மட்டும் கயிறு மாட்டி இழுக்காதீர்கள். பிய்த்துக்கொண்டு வந்தால் அது பீரங்கிக் குண்டு.

கொங்கு பிக்கப்:

எல்லோருக்கும் நன்றி. இந்த வாரம் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். சேலம் அண்ணன் பந்தயத்தில் ஜெயித்தார். பின் டிஃபரன்ஷியல் ஆயில் கருப்பாக, பிசுபிசுவென்று, முன்னால் இருந்தது நிஜமாகவே டீ. இடது பக்க பூட்டும் கிழிந்திருந்தது. பட்டையில் மூன்றாவது இலையில் விரிசல். மெக்கானிக் விரலை வைத்துக் காட்டியபோதுகூட எனக்குத் தெரியவில்லை, டீசல் தடவித் துடைத்த பிறகு கோடு மாதிரி ஈரம் நின்றது. இதற்கே 48,000 ஆகிறது.

எடை மேடைக்கும் போனோம். பிள்ளைகளுக்கு அது ஒரே கொண்டாட்டம். நான்கு பேர், முழு டேங்க், பின்னால் ஒன்றுமே இல்லாமல் 2,190 கிலோ. வரம்புக்கு இருக்கும் மிச்சத்தைப் பார்த்துவிட்டு என் மனைவி லிஸ்ட்டை வாங்கி பம்பர், வின்ச், கூரைக் கூடாரம் மூன்றையும் அடித்துவிட்டார். ஸ்நார்க்கலுக்குப் பக்கத்தில் "வண்டியா கப்பலா" என்று எழுதியிருக்கிறார். ஆனால் ஃப்ரிட்ஜ் வேண்டுமாம், பால், மாவு, மீன் எல்லாம் கெடாமல் இருக்க. அதற்கு பேட்டரி என்ன செய்வது? பட்டறையில் ஒருவர் வண்டி பேட்டரியிலிருந்தே ஒரு ஒயர் இழுத்துத் தருகிறேன் என்கிறார்.

பன்னிரண்டு வோல்ட்:

அந்த ஒயரை இழுக்க விடாதீர்கள். காலையில் செல்ஃப் எடுக்காது, அது பரவாயில்லை, தள்ளிக்கொள்ளலாம். ஃபியூஸ் இல்லாமல் இழுத்த ஒயர் சேஸில் உரசித் தோல் கிழிந்தால் வண்டியே எரியும். பேட்டரி முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ் இருக்க வேண்டும், பின்பக்கம் ஃப்ரிட்ஜ் கிட்டே போடும் ஃபியூஸ் ஃப்ரிட்ஜைக் காப்பாற்றும், ஒயரைக் காப்பாற்றாது.

கணக்கு சொல்கிறேன். 40 லிட்டர் கம்ப்ரஸர் ஃப்ரிட்ஜ் ஓடும்போது சுமார் 45 வாட், அதாவது 12 வோல்ட்டில் நாலு ஆம்பியருக்குக் கொஞ்சம் கம்மி. நம் ஊர் வெயிலில் பாதி நேரம் ஓடும் என்று வைத்தால் ஒரு நாளைக்கு 45 ஆம்பியர் அவர் (பேட்டரி கொள்ளளவின் அளவு). வண்டியின் சாதாரண லெட் பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்கினால் அதன் ஆயுள் போய்விடும், ஆகவே அது ஒரு ராத்திரிக்கே திணறும். தனியாக 100 ஆம்பியர் அவர் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி ஒன்றை பின் இருக்கைக்கு அடியிலோ கேனோப்பிக்குள்ளோ வையுங்கள், இன்ஜின் அறை வேண்டாம், சூடு ஆகாது அதற்கு. நடுவில் 20 ஆம்பியர் டிசி டு டிசி சார்ஜர். நேராக ஆல்டர்னேட்டரில் (இன்ஜின் சுற்றும் ஜெனரேட்டர்) மாட்டினால் லித்தியம் வெறி பிடித்த மாதிரி கரன்ட் உறிஞ்சும், ஆல்டர்னேட்டர் வெந்துபோகும். இரண்டு மணி நேரம் ஓட்டினால் 40 ஆம்பியர் அவர் திரும்ப ஏறிவிடும், உங்கள் பயணத்துக்கு அது தாராளம். மாதம் ஒரு ராத்திரிக்கு மட்டும் என்றால் இதெல்லாம்கூட வேண்டாம், நல்ல ஐஸ் பெட்டியில் மீன் மார்க்கெட் ஐஸ் கட்டியைப் போட்டால் இரண்டு நாள் தாங்கும். ஸ்பிட்டி முடிவான பிறகு ஃப்ரிட்ஜ் வாங்கலாம். ஃப்ரிட்ஜை முதல் நாளே வீட்டில் கரன்ட்டில் குளிரவைத்து, உள்ளே வைப்பதையும் குளிரவைத்தே வையுங்கள்.

கூடாரக்காரி:

ஐஸ் பெட்டிக்கு என் ஓட்டும் உண்டு. இன்னொன்று, யாரும் கேட்கவில்லை ஆனாலும் சொல்கிறேன்: எங்கே தங்குவது என்று யோசித்துவிட்டீர்களா? நம் பக்கம் காப்புக் காட்டுக்குள் அனுமதி இல்லாமல் வண்டியை இறக்குவதும் கூடாரம் போடுவதும் குற்றம், யூடியூப்காரர்கள் பலர் அதைச் சொல்வதில்லை. பந்திப்பூர் வழி இரவு 9 முதல் காலை 6 வரை மூடிவிடுவார்கள், நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே முதல் இ-பாஸ் வேறு. கொலுக்குமலைக்கு உங்கள் ஃபோர் பை ஃபோரையே ஏற்ற விடமாட்டார்கள், சூரியநெல்லியிலிருந்து உள்ளூர் ஜீப்தான். நாங்கள் ஏற்காடு, மன்னவனூர் பக்கம் தனியார் தோட்டக்காரர்களிடம் கேட்டுத் தங்குவோம். ஒரு தடவை பழகிவிட்டால் அவர்களே அவரைக்காய் பறித்துக் கொடுத்து அனுப்புவார்கள்.

ஸ்பிட்டிக்கு ஜூன் முதல் வாரம் என்று டிக்கெட் போட்ட மாதிரி நினைக்காதீர்கள். மணாலி பக்கமிருந்து போனால் 4,500 மீட்டருக்கு மேலே இருக்கும் குன்சும் கணவாயில் பனி அகற்றி வழி திறக்கும் தேதி வருடத்துக்கு வருடம் மாறும். சிம்லா பக்கமிருந்து கின்னௌர் வழியாக ஏறினால் உயரமும் படிப்படியாகப் பழகும், பிள்ளைகளுக்கு அதுதான் நல்லது. சந்திரதால் ஏரிக் கரையில் கூடாரம் போட விடமாட்டார்கள், கொஞ்சம் தள்ளித்தான். தனி டீசல் கேன் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம், உங்கள் டேங்க்கே 76 லிட்டர், காசாவில் பங்க் இருக்கிறது.

கொங்கு பிக்கப்:

சரி, முடிவு இதுதான். ரிப்பேர் 48,000. பின் பட்டையும் நாலு ஷாக்கும், பிறகு அதே சைஸில் ஆல் டெரைன் ஐந்து (ஸ்டெப்னியையும் சேர்த்து). கம்ப்ரஸர், கயிறு, மண்வெட்டி. கேனோப்பி மார்ச்சில், இன்ஷூரன்ஸ்காரருக்கு மெயில் போட்ட பிறகு. அடுத்த சனிக்கிழமை ஏற்காட்டில் ஒரு காபித் தோட்டத்தில் சோதனை ராத்திரி, ஐஸ் பெட்டியோடு. பிரீதர் குழாயை நானே நீட்டினேன் அண்ணா, கிளிப் ஒன்று கை தவறி இன்ஜினுக்குள் எங்கேயோ விழுந்துவிட்டது, ஒரு மணி நேரமாகத் தேடுகிறேன். கீழே போட்டிருக்கும் தகட்டைக் கழற்ற வேண்டுமா, இல்லை காந்தம் விட்டால் வருமா?

சேலம் ஸ்பானர்:

காந்தத்தை நூலில் கட்டி விடுங்கள். வராவிட்டால் தகடு கழற்ற வேண்டியதுதான். கிடைக்கும்வரை ஸ்டார்ட் பண்ணாதீர்கள், பெல்ட்டில் மாட்டினால் வம்பு.